ஆங்கிலம் கற்பிக்க வரும் விருந்தாளிகள்

ஆசிரியப் பயிற்சி தேவையில்லை, அனுபவம் தேவையில்லை, உள்ளூர் மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும், இரண்டு வாரமோ மூன்று மாதமோ ஏழைக் குழந்தைகளுக்கு ஆசிரியராகலாம். உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்களது உணவை உண்டு, அவர்களது பண்பாட்டையும் அறியலாம். லண்டனிலும் சிட்னியிலும் பாஸ்டனிலும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு இப்படி அழைப்பு விடுக்கும் நிறுவனங்கள் இன்று ஏராளம். காத்மண்டு, சியாம் ரீப், குஸ்கோ, அருஷா என்று நீளும் ஊர்களின் வரிசையில் ஜெய்ப்பூர், பாலம்பூர், தர்மசாலா ஆகிய இந்திய ஊர்களும் உண்டு. இந்த ஆசிரியப் பணிக்கு ஊதியம் கிடையாது. வேலை செய்ய வருபவரே நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார்.

வேலை செய்பவர் பணம் கொடுத்து வேலையை வாங்குகிறார் என்றால், அங்கே விற்கப்படும் சரக்கு எது என்ற கேள்வி எழுகிறது. தன்விவரக் குறிப்பில் சேர்த்துக்கொள்ள ஓர் அனுபவம், ஒரு சான்றிதழ், குழந்தைகள் சூழ நிற்கும் ஒரு புகைப்படம் - இவையே அந்தச் சரக்கு. அதற்கான மூலப்பொருள் ஓர் ஏழை நாட்டின் வகுப்பறை. மூலப்பொருளுக்கு விலை ஏதும் தரப்படுவதில்லை. இந்தத் தொழிலைப் பற்றி இடதுசாரிகள் பேசும்போது, வருகின்ற இளைஞர்களின் மனத்தூய்மையைச் சந்தேகிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் வருகின்றனர். ஆராயப்பட வேண்டியது, அந்த நல்லெண்ணத்தை விற்பனைப் பண்டமாக்கும் ஏற்பாடும், அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும் அரசுகளும்தான்.

தாமஸ் கப்பல்

இதன் முன்வரலாறு நெடியது. 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்னும் அமெரிக்க ராணுவப் போக்குவரத்துக் கப்பல் மணிலா துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள். ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெறப் போராடிய பிலிப்பைன்ஸ் மக்கள்மீது அமெரிக்கா 1899இல் தொடங்கிய போர் அப்போது முடிந்திருக்கவில்லை. அந்த ஆசிரியர்களுக்கு முன்பே, ஆக்கிரமிப்புப் படையின் சிப்பாய்கள் சிலர் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க அமர்த்தப்பட்டிருந்தனர். துப்பாக்கி வைத்திருந்த கையே சாக்கட்டியையும் பிடித்தது. கப்பலில் வந்தவர்கள் சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் உள்ளூர் வீடுகளில் தங்கினார்கள். சிலர் காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பலியானார்கள். அவர்களது உழைப்பைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் நிறுவிய கல்வி முறையில் ஆங்கிலம் பயிற்றுமொழியானது; சுதந்திரப் போராட்டத்தின் நினைவு பாடப்புத்தகத்திலிருந்து மறைந்தது. பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ, தம் மக்கள் பிழையாகக் கற்பிக்கப்பட்ட விதத்தை விளக்கிய கட்டுரை இன்றும் அந்நாட்டு இடதுசாரிகளிடம் பாடநூலாக விளங்குகிறது.

அந்த ஆங்கிலம் இன்று என்ன செய்கிறது? பிலிப்பைன்ஸின் செவிலியர்களையும் மாலுமிகளையும் வீட்டு வேலைப் பெண்களையும் உலகச் சந்தைக்கு ஏற்றுமதி செய்ய உதவுகிறது. நூறாண்டு ஆங்கிலக் கல்விக்குப் பின்னும் அவர்களது ஆங்கிலம் முழு விலை பெறுவதில்லை. தென்கொரியாவில் ஆங்கிலம் பயிற்றுவதற்கான விசா வழக்கமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே கிடைக்கிறது. அப்பட்டியலில் பிலிப்பைன்ஸும் இல்லை, இந்தியாவும் இல்லை. கடவுச்சீட்டைப் பார்த்தே மொழிக்கு விலை வைக்கப்படுகிறது. பதினெட்டு வயது ஆஸ்திரேலிய இளைஞர் எப்பயிற்சியும் இல்லாமல் கம்போடியக் கிராமப் பள்ளியில் ஆசிரியராக நிற்பதும், இருபது ஆண்டு அனுபவம் கொண்ட மணிலா ஆசிரியை இணையவழியில் குறைந்த கூலிக்குப் பாடம் எடுப்பதும் ஒரே சந்தையின் இரு காட்சிகள்.

1961: இரண்டு தொண்டர் படைகள்

1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி ‘பீஸ் கோர்’ என்னும் தொண்டர் அமைப்பை நிறுவும் ஆணையில் கையெழுத்திட்டார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் விடுதலை இயக்கங்கள் வென்றுகொண்டிருந்த காலம் அது. புதிய நாடுகள் சோசலிச முகாமின் பக்கம் சாய்ந்துவிடும் என்ற அச்சம் வாஷிங்டனை ஆட்டிப்படைத்தது. இரண்டாண்டுப் பணி, எளிய படித்தொகை, தொடக்கத்தில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி பயில்வது என்று அந்த அமைப்பின் முறை வகுக்கப்பட்டது. அதன் தொண்டர்களில் பெரும் பகுதியினர் ஆங்கில ஆசிரியர்கள். முதல் ஆண்டிலேயே அவர்கள் பிலிப்பைன்ஸ் தொடக்கப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாக அனுப்பப்பட்டார்கள். அறுபதாண்டுக்கு முன் தாமஸ் கப்பல் சென்ற அதே வழிதான். இந்தியாவிலும் 1961 முதல் 1976 வரை இவ்வமைப்பு செயல்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நினைவுகூரத்தக்கது. பயிற்சிக்கு வந்திருந்த அமெரிக்கத் தொண்டர் ஒருவர் ஊரிலுள்ள நண்பருக்கு எழுதிய அஞ்சலட்டை கீழே விழுந்து மாணவர்கள் கையில் சிக்கியது. நகரின் அழுக்கையும் வறுமையையும் வியந்து எழுதிய வரிகள் அதில் இருந்தன. ஓராண்டுக்கு முன்தான் விடுதலை பெற்றிருந்த நாட்டின் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள்; அட்டையின் நகல்கள் விநியோகிக்கப்பட்டன; அத்தொண்டர் ஊர் திரும்ப நேர்ந்தது. அன்று ஓர் அஞ்சலட்டை தற்செயலாகத் தவறி விழுந்தது. இன்று அத்தகைய அட்டைகள், அனுமதி கேட்கப்படாத குழந்தைகளின் முகத்தோடு, நாள்தோறும் சமூக ஊடகங்களில் வேண்டுமென்றே இடப்படுகின்றன.

அந்தத் தொண்டர்கள் அனைவரும் ஏகாதிபத்தியத்தின் கையாட்களாகவே திரும்பினர் என்று எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கிராமங்களில் வாழ்ந்து தம் நாட்டின் உண்மை முகத்தைக் கண்டவர்கள் பலர். நாடு திரும்பிய தொண்டர்கள் அமைத்த குழு ஒன்று வியட்நாம் போரை எதிர்த்தது. கம்போடியா மீது படையெடுப்பு நடந்தபோது, 1970 மே மாதத்தில், அக்குழுவினர் வாஷிங்டனிலுள்ள பீஸ் கோர் தலைமையகத்தையே கைப்பற்றி அமர்ந்தனர். அனுப்பியவர் எதிர்பார்த்த பாடத்தையே அனுப்பப்பட்டவர் கற்றுத் திரும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதே 1961ஆம் ஆண்டு. ஃபுளோரிடாவிலிருந்து தொண்ணூறு மைல் தொலைவில் மற்றொரு தொண்டர் படை புறப்பட்டது. கியூபா அவ்வாண்டைக் கல்வி ஆண்டாக அறிவித்திருந்தது. பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையிலான நகரத்து மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள், மலைகளுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு தூளி, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பாடநூல், ஒரு கையேடு. அவர்களும் விவசாயக் குடும்பங்களோடுதான் தங்கினார்கள். ஆனால் பகலில் அந்தக் குடும்பத்தோடு வயலில் இறங்கி வேலை செய்தார்கள். இரவில் விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தார்கள். அந்த விளக்கு வீட்டுக்கும் வெளிச்சமானது. தொழில்முறை ஆசிரியர்கள் அவர்களுக்கு வழிகாட்டினர். தொழிற்சாலைகளிலிருந்து தொழிலாளர் படையணிகள் வந்தன. ஓராண்டுக்குள் 7,07,212 பேர் எழுத்தறிவு பெற்றனர். எழுத்தறிவின்மை 23.6 சதவீதத்திலிருந்து 3.9 சதவீதமாகக் குறைந்தது. 1961 டிசம்பர் 22 அன்று கியூபா எழுத்தறிவின்மையற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. கற்றவர்கள் இறுதித் தேர்வாக ஃபிடலுக்கு எழுதிய கடிதங்கள் ஹவானா அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அந்தப் பணிக்கு விலையும் கொடுக்கப்பட்டது. ஜனவரியில் கொன்ராடோ பெனிடெஸ் என்ற பதினெட்டு வயது ஆசிரியரை எதிர்ப்புரட்சிக் கும்பல் கொன்றது. நவம்பர் 26 அன்று எஸ்காம்ப்ரே மலைப்பகுதியில், பதினாறு வயது மானுவேல் அஸ்குன்ஸேவும் அவன் தங்கியிருந்த வீட்டின் விவசாயி பெட்ரோ லாண்டிகுவாவும் சேர்த்தே தூக்கிலிடப்பட்டனர். கும்பல் வீட்டுக்குள் நுழைந்தபோது அவ்வீட்டுத் தாய் அவனைத் தம் மகன் என்று சொல்லிக் காக்க முயன்றார் என்பதும், தானே ஆசிரியன் என்று அவன் அறிவித்தான் என்பதும் கியூபாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் இடையே உருவான உறவு எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கியூபச் சிறுவர்கள் கற்பித்தது விவசாயியின் சொந்த மொழியை. அவர்களது வரவு ஒரு தேசியத் திட்டத்தின் பகுதி. அரசு செலவைச் சுமந்தது. வந்த வேலை முடியும் வரை அவர்கள் தங்கினார்கள். பின்னாளில் கியூபா உருவாக்கிய ‘என்னால் முடியும்’ முறையும் பொலிவியாவுக்குச் சென்றபோது ஸ்பானிய மொழியோடு அய்மரா, கெச்சுவா மொழிகளிலும் எழுத்தறிவு புகட்டியது. தொண்டு என்ற ஒரே சொல்லால் இதையும் இரண்டு வார ஆங்கிலச் சுற்றுலாவையும் குறிப்பது சொல்லின் வறுமை.

வீட்டுக்காரப் பெண்ணின் உழைப்பு

இன்றைய ஏற்பாட்டில் எவர் கண்ணுக்கும் படாத தொழிலாளி ஒருவர் இருக்கிறார். விருந்தாளி தங்கும் வீட்டின் பெண் அவர். விளம்பரங்களில் ‘உங்கள் இந்திய அம்மா’, ‘உங்கள் நேபாள அம்மா’ என்று அவர் அன்போடு குறிப்பிடப்படுகிறார். அம்மா என்று அழைத்துவிட்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா! காலையில் காரம் குறைத்துத் தனியாகச் சமைப்பது, குடிநீரைக் காய்ச்சி ஆற வைப்பது, படுக்கை விரிப்புகளைத் துவைப்பது, விருந்தாளிக்கு வயிறு கெட்டால் கஞ்சி வைத்துக் கொடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, இரவில் அவர் வீடு திரும்பும் வரை விழித்திருப்பது - இவ்வளவும் அவர் பொறுப்பு. வீட்டின் நல்ல அறை விருந்தாளிக்குப் போகிறது. குழந்தைகள் கூடத்தில் படுக்கிறார்கள். தொண்டர் கட்டும் கட்டணம் அவரது நாட்டு நாணயத்தில் அந்நாட்டு நிறுவனத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து உள்ளூர் முகவருக்கு ஒரு பங்கு. கடைசியில் எஞ்சும் சிறு தொகையே வீட்டுக்கு வருகிறது. அதுவும் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்று பதியப்பட்ட ஆணின் கைக்கு.

மற்றொன்றும் உண்டு. விருந்தாளிக்குத் தனி அறையும் நல்ல கழிப்பறையும் வேண்டும் என்பது நிறுவனங்களின் நிபந்தனை. எனவே ஊரின் மிக ஏழை வீட்டுக்கு எந்தத் தொண்டரும் அனுப்பப்படுவதில்லை. தனி அறை உள்ள வீடு நேபாளத்திலும் ராஜஸ்தானிலும் எந்தச் சாதியாருடையதாக இருக்கும் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்தவர் ஏழையின் வாசலைத் தாண்டாமலே ஊர் திரும்புவார்.

வகுப்பறையில் நடப்பதும் சிந்திக்கத்தக்கது. முதல் குழு வண்ணங்களின் பெயரையும் உடல் உறுப்புகளின் பெயரையும் பாட்டாகச் சொல்லித் தருகிறது. இரண்டு வாரத்தில் அது போய்விடும். அடுத்த குழு வருகிறது. அதுவும் வண்ணங்களிலிருந்தே தொடங்குகிறது. ஆண்டு முழுதும் சிவப்பும் பச்சையும் கற்ற குழந்தை, ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியாமல் அடுத்த வகுப்புக்குப் போகிறது. அங்கே நிரந்தரமாக இருக்கும் உள்ளூர் ஆசிரியை, தம் வகுப்பிலேயே ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க நேர்கிறது. வெள்ளைத் தோல் கொண்டவர் வந்தால்தான் கல்வி வரும் என்ற பாடத்தைக் குழந்தைகள் எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்கிறார்கள்.

இதன் மிகக் கொடிய வடிவம் அனாதை இல்லங்களில் தோன்றியது. கம்போடியாவில் சுற்றுலா பெருகிய ஆண்டுகளில் அனாதை இல்லங்களும் பெருகின. அவற்றில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிரோடு இருந்தனர் என யுனிசெஃப் கண்டறிந்தது. நேபாளத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அங்கு இல்லங்களில் பெரும்பாலானவை சுற்றுலாப் பயணிகள் கூடும் சில மாவட்டங்களிலேயே குவிந்திருந்தன. நல்ல படிப்பு, ஆங்கிலம் என்று ஆசை காட்டிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பெறப்பட்டனர். கொடையாளர்களின் இரக்கம் வற்றாமலிருக்க அவர்கள் ஏழைகளாகவே வைக்கப்பட்டனர். நவீன அடிமைமுறை பற்றி ஆராய்ந்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் அளித்த அறிக்கையில், இவ்வாறு குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் இடம்பெறச் செய்தது. 

இந்தியாவும் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லும்

இந்திய அரசின் மின்விசா விதிகள், ஊதியமற்ற தன்னார்வப் பணியை ஒரு மாதம் வரை சுற்றுலா விசாவிலேயே அனுமதிக்கின்றன. இதைச் சுற்றுலாவின் கீழ் வைத்த அதிகாரியின் நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்த ஓர் இந்தியப் பெண், அரசுப் பள்ளியில் வேலை பெற ஆசிரியர் தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும். பல மாநிலங்களில் மேலும் ஒரு போட்டித் தேர்வு. பிறகு நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. 2021இல் வெளியான யுனெஸ்கோவின் இந்தியக் கல்வி நிலை அறிக்கை, நாட்டில் 11.16 லட்சம் ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருப்பதாகவும், 1.1 லட்சம் பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இருப்பதாகவும் கூறியது. பயிற்சி பெற்றவர் வாசலில் நிற்க, பயிற்சியற்ற விருந்தாளிக்கு வகுப்பறைக் கதவு திறக்கிறது. 

வெளிநாட்டுத் தொண்டர்களின் எண்ணிக்கை இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு துளிதான். அவர்களை மட்டும் எதிர்த்து முழங்குவது பயனற்றது. அந்தத் துளியைத் தாங்கி நிற்கும் கருத்து இன்று அரசின் கொள்கையாகிவிட்டது என்பதே கவலைக்குரியது. எழுத்தறிவு பெற்ற ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை உபதேசிக்கிறது. பள்ளிகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் ‘வித்யாஞ்சலி’ திட்டம் 2021 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டது. 2022 முதல் 2027 வரையிலான வயது வந்தோர் எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, நாடு முழுமைக்கும் ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 1,037.90 கோடி ரூபாய். கற்பிப்போருக்கு ஊதியம் இல்லை, தன்னார்வமே அடிப்படை. இதே சொல்தான் 2005 முதல் கிராமத்துப் பெண்களின் பிரசவத்தைக் காக்கும் ஏறத்தாழ 10 லட்சம் ஆஷா பணியாளர்கள்மீதும் சுமத்தப்பட்டிருக்கிறது. அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், தன்னார்வலர்கள் என்பதே ஒன்றிய அரசின் வாதம். மதிய உணவு சமைக்கும் பெண்களுக்கு ஒன்றிய அரசின் விதிப்படி மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம். 2009இல் வகுத்த தொகை. தமிழ்நாட்டில் பெருந்தொற்றுக்குப் பின் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் பணியாற்றிய இளம்பெண்களுக்கும் மாதம் 1,000 ரூபாயே தரப்பட்டது. பெருந்தொற்றின் இழப்பை ஈடுசெய்ய அது உதவியது என்பதை மறுக்க முடியாது. படித்த பெண்களின் உழைப்புக்கு அது உரிய விலை என்றும் ஏற்க முடியாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதும், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகியதும் தன்னார்வலர்களால் அல்லவா? ஆம். அந்த இயக்கங்களில் இடதுசாரிகளின் வியர்வை கலந்திருக்கிறது. ஆனால் அங்கே கற்பித்தவர் அதே தெருவைச் சேர்ந்தவர். இயக்கம் முடிந்த பின்னும் அங்கேயே வாழ்ந்தார். கற்றவர்கள் அடுத்து கூலியையும் குவாரி உரிமையையும் கேட்கத் துணிந்தார்கள். பள்ளி ஆசிரியர் பணியிடத்தை ஒழிப்பதற்கு அந்த இயக்கம் சாக்காகப் பயன்படவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். தம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்கும் கட்டடத் தொழிலாளியை அடிமை மனம் கொண்டவர் என்று ஒதுக்குவது ஆங்கிலம் அறிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய சொகுசு. சாவித்திரிபாய் ஃபுலே ஒடுக்கப்பட்டோரின் விடுதலைக் கருவியாக ஆங்கிலத்தைப் போற்றிக் கவிதை எழுதினார். மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு தாய்மொழிக் கல்வியை வலுப்படுத்தும் நோக்கோடு 1980களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை விலக்கியது. வசதி படைத்தோர் தனியார் பள்ளிகளுக்குச் சென்றார்கள். பின்னர் ஆங்கிலம் மீண்டும் தொடக்க வகுப்புக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மொழியில் பயிற்றுவிப்பதும், ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அந்த அனுபவம் தந்த படிப்பினை. அரசுப் பள்ளி அதைச் செய்யாதபோதுதான், ஆங்கிலம் ஒரு புறம் தனியார் பள்ளியின் சரக்காகவும் மறுபுறம் வெளிநாட்டு விருந்தாளியின் தருமமாகவும் உருவெடுக்கிறது.

ஆகவே கோரிக்கைகள் வகுப்பறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் ஒருசேர எழ வேண்டும். காலிப் பணியிடங்களை முறையான ஊதியத்தில் நிரப்புவதும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியை அரசு செலவில் தொடர்ந்து தருவதும் முதலில் வருபவை. வெளிநாட்டுத் தொண்டர் எவரும் ஆசிரியரின் இடத்தில் நிற்கக் கூடாது. ஆசிரியருக்குத் துணையாக, அவர் வகுத்த பாடத்திட்டத்தின்படி, குழந்தைப் பாதுகாப்புச் சரிபார்ப்புக்குப் பின்னரே பள்ளிக்குள் வரலாம். குழந்தைகள் இல்லங்கள் அனைத்தும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2015 முதலே உள்ளது. சுற்றுலாத் தலங்களில் அது எப்படி நடைமுறையாகிறது என்பதை மாவட்டந்தோறும் மாதர், வாலிபர் அமைப்புகள் கண்காணிக்கலாம். இமாச்சலத்திலும் ராஜஸ்தானிலும் விருந்தாளிகளைத் தங்கவைக்கும் வீட்டுப் பெண்கள் இதுவரை எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இல்லை. தொண்டர் கட்டிய கட்டணம் எவ்வளவு, அதில் தங்கள் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களை முகவரிடம் எழுத்தில் கேட்கும் உரிமையிலிருந்து அவர்களது அமைப்பாக்கத்தைத் தொடங்கலாம்.